கத்தோலிக்க ஆண்கள் பள்ளியில் மாணவர் நலனும் தலைமைப் பயிற்சியும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பையனைக் கத்தோலிக்க ஆண்கள் பள்ளியில் சேர்த்திருக்கும் பெற்றோர், அங்கே பொறுப்பு ஏற்கப்போகும் மாணவர்கள், புதிதாக வேலைக்கு வரும் ஆசிரியர்கள் ஆகியோர் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. நடைமுறை பள்ளிக்குப் பள்ளி மாறும். ஆனால் எந்தப் பள்ளியானாலும், சட்டையில் பேட்ஜ் குத்திய மாணவன் பக்கத்தில் இருப்பவனைக் கவனிக்கக் கற்றிருக்கிறானா என்று பார்த்தாலே அங்கே மாணவர் நலன் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரிந்துவிடும் என்பது என் நம்பிக்கை. கீழே உள்ள பதில்கள் எல்லாம் அதை ஒட்டியே போகின்றன.

மாணவர் நலனுக்கு ஓர் ஆற்றுப்படுத்துநரை (மனநல ஆலோசகரை) வேலைக்கு வைத்தால் போதாதா?

ஆற்றுப்படுத்துநர் கட்டாயம் வேண்டும். ஆனால் அவர் கதவைத் தட்டுகிற பையனை மட்டும்தான் அவரால் பார்க்க முடியும். தட்டாத பையனை யார் பார்ப்பது? அதற்கு வகுப்பாசிரியர், பி.டி. மாஸ்டர், நூலகர், அலுவலக உதவியாளர், மூத்த மாணவர்கள் என்று எல்லாருடைய கண்ணும் தேவைப்படுகிறது.

ஏழைச் சிறுவர்களுக்காக இல்லம் நடத்திய இத்தாலியக் குரு தொன் போஸ்கோ 1884 மே மாதம் ரோமிலிருந்து டூரின் நகரிலிருந்த தன் இல்லத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். கனவில் கண்டதாக அதில் அவர் சொல்வது ஒரு விளையாட்டு மைதானத்தை. சில பையன்கள் தூணில் சாய்ந்து தனியே நிற்கிறார்கள். சிலர் விளையாட வராமல் படிக்கட்டுப் பக்கம் ஒதுங்குகிறார்கள். இன்னும் சிலர் கூட்டமாக நடந்தபடி தாழ்ந்த குரலில் பேசி, யாராவது கவனிக்கிறார்களா என்று பார்த்துக்கொள்கிறார்கள். அவர்களை வளர்க்க வேண்டிய பெரியவர்களில் பெரும்பாலோர் பையன்களோடு இல்லை, தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பையன்களிடம் அன்பு வைத்திருந்தால் மட்டும் போதாது, தங்கள்மேல் அன்பு இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியவேண்டும் என்பதுதான் அந்தக் கடிதத்தின் சாரம்.

ஒரு பள்ளியைப் பற்றித் தெரிந்துகொள்ள விரும்பும் பெற்றோருக்கு நான் சொல்வது இதுதான்: இடைவேளை மணி அடிக்கும் நேரமாகப் பார்த்துப் போங்கள். மணி அடித்ததும் ஆசிரியர்கள் எந்தப் பக்கம் நடக்கிறார்கள் என்று பாருங்கள்.

ஆண் பிள்ளைகள் மட்டும் படிக்கும் இடத்தில் தனியாகக் கவனிக்க வேண்டியது என்ன?

பெரும்பாலான பையன்கள் "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு வருவதில்லை. "ஆம்பளைப் பையன் அழலாமா" என்று கேட்டே வளர்ந்தவர்கள் அவர்கள். அதனால் வருத்தம் வேறு வேடத்தில் வெளியே வரும். வளரிளம் பருவத்தில் மனச்சோர்வு சோகமாகவே தெரியவேண்டும் என்பதில்லை, எரிச்சலாகவும் சிடுசிடுப்பாகவும் தெரியலாம் என்று மனநல மருத்துவமே சொல்கிறது. வகுப்பில் திடீரென்று எதிர்த்துப் பேசுகிறவன், சின்ன விஷயத்துக்குக் கை ஓங்குகிறவன், வாரத்துக்கு இரண்டு முறை வயிற்றுவலி என்று வீட்டில் தங்குகிறவன், உயிராக இருந்த கால்பந்தை விட்டுவிட்டவன் என்று எல்லாரையும் ஒழுங்கு நடவடிக்கைப் பட்டியலில் மட்டும் வைத்துப் பார்த்தால் நாம் அவர்களைத் தவறவிடுவோம். தண்டிக்கக் கூடாது என்று சொல்லவில்லை. தண்டிப்பதற்கு முன்னால் "என்னப்பா ஆச்சு?" என்று ஒரு தடவையாவது கேட்கவேண்டும் என்கிறேன்.

இன்னொன்று: பையன்களை எதிரே உட்கார வைத்து முகத்தைப் பார்த்து விசாரித்தால் வாய் பூட்டிக்கொள்ளும். ஏதாவது ஒரு வேலையைச் சேர்ந்து செய்துகொண்டே பேசினால் தானாக வரும். வலை கட்டும்போது, மேடையில் நாற்காலி அடுக்கும்போது, பேருந்துக்குக் காத்திருக்கும்போது அவர்கள் சொல்வது ஆலோசனை அறையில் சொல்வதைவிடப் பல மடங்கு அதிகம்.

மனநலச் சிக்கல்களில் ஏறக்குறைய பாதி 18 வயதுக்குள் தொடங்கிவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டுகின்றன. ஆகவே இதைக் கல்லூரிக் காலத்துக்கு ஒத்திப்போட முடியாது.

மாணவர் தலைவனின் உண்மையான வேலை என்ன? வரிசை ஒழுங்கு பார்ப்பதும் விழாவில் விருந்தினரை வரவேற்பதும்தானே?

அவையும் வேலைதான், ஆனால் அவை வெளியே தெரிகிற பாதி. தெரியாத பாதியை ஓர் உதாரணத்தால் சொல்கிறேன்.

மதிய இடைவேளையில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் தினமும் கைகழுவும் இடத்தில் நெடுநேரம் நிற்கிறான். கை எப்போதோ சுத்தமாகிவிட்டது. கூட உட்கார ஆள் இல்லை. மணி அடிக்கும்வரை நேரத்தை ஓட்டுகிறான். நல்ல தலைவன் கண்ணில் இது படும். அவன் நேரே போய் "ஏன் தனியா நிக்கிற?" என்று கேட்கமாட்டான், அப்படிக் கேட்டால் பையன் கூனிக்குறுகிப் போவான். "தம்பி, இந்தப் பெஞ்சை ஹாலுக்குக் கொண்டுபோகணும், ஒரு பக்கம் பிடிக்கிறியா?" என்பான். பெஞ்சை இறக்கி வைக்கும்போது பெயர், வகுப்பு, எந்த ஊரிலிருந்து வந்தான் என்று தெரிந்துவிடும். மறுநாள் "அண்ணா, இன்னைக்கும் ஏதாவது தூக்கணுமா?" என்று அவனே வருவான். மூன்றாம் நாள் அவனை அதே வகுப்பைச் சேர்ந்த இன்னொருவனோடு சேர்த்துவிட்டால் தலைவன் வேலை பாதி முடிந்தது. மீதிப் பாதி, வகுப்பாசிரியர் காதில் அன்றைக்கே போடுவது.

செய்யக்கூடாததும் உண்டு. இளையவர்களைத் தண்டிக்கும் அதிகாரம் எந்த மாணவனுக்கும் இருக்கக் கூடாது. முட்டி போடச் சொல்வது, மைதானத்தைச் சுற்றி ஓடவைப்பது, அடிப்பது எதுவுமே கூடாது. விடுதியுள்ள பள்ளிகளில் இதை எழுத்தில் வைக்கவேண்டும். இரவு நேரத்தில் மூத்தவன் கையில் கொடுக்கிற அதிகாரம் எளிதில் கெட்டுப்போகும்.

தலைவர்களைத் தேர்ந்தெடுப்பது எப்படி? எப்போதும் முதல் ரேங்க் பையனுக்கோ அணித் தலைவனுக்கோதான் கொடுக்கிறார்களே?

நியாயமான மனக்குறை. ஆசிரியர்கள் மட்டும் தேர்ந்தெடுத்தால் ஆசிரியர்முன் பணிவாக இருப்பவன் வருவான். மாணவர்கள் மட்டும் ஓட்டுப்போட்டால் பிரபலமானவன் வருவான். இரண்டையும் கலந்து, மூன்றாவதாக ஒன்றையும் சேர்க்கலாம்: கீழ் வகுப்புப் பையன்களிடம் ஒரு துண்டுத்தாளைக் கொடுத்து, "உனக்கு ஒரு பிரச்சனை என்றால் எந்த அண்ணாவிடம் போவாய்?" என்று மட்டும் கேளுங்கள். பெயர் எழுதாத தாள். அதில் திரும்பத் திரும்ப வருகிற பெயர்கள் பல சமயம் யாரும் எதிர்பார்க்காதவையாக இருக்கும். துப்புரவுப் பணியாளரிடமும் காவலாளியிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள். பெரியவர்கள் பார்க்காதபோது எவன் எப்படி நடந்துகொள்கிறான் என்று அவர்களுக்குத் தெரியும்.

அப்புறம், ஆண்டு முழுவதும் ஒரே பத்துப் பேரிடம் எல்லாப் பொறுப்பையும் குவிக்கவேண்டாம். நூலகம், ஒலிபெருக்கி, மருத்துவ அறை, புது மாணவர் வரவேற்பு என்று சிறு பொறுப்புகளைப் பருவத்துக்குப் பருவம் மாற்றிக் கொடுத்தால், கூச்ச சுபாவம் உள்ளவனுக்கும் ஒரு முறை வாய்ப்பு வரும்.

அதிகம் பேசாத பையன் தலைவனாக முடியுமா?

தாராளமாக. மேற்சொன்ன கைகழுவும் இடத்துப் பையனை முதலில் கவனிப்பவன் பெரும்பாலும் அவன்தான். மேடைப்பேச்சு வேறொருவன் பேசிக்கொள்ளட்டும்.

மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குத் துணையாக இருப்பது புதிதாக வந்த பழக்கமா?

இல்லவே இல்லை. டூரினில் தொன் போஸ்கோவின் இல்லத்தில் படித்த தோமினிக் சாவியோ, 1856-ஆம் ஆண்டு தோழர்கள் சிலரோடு சேர்ந்து அமல அன்னை மரியாவின் பெயரில் ஒரு சிறு குழுவைத் தொடங்கினான். அந்தக் குழுவினர் கூடும்போது பேசியவற்றில் ஒன்று, எந்தப் பையன் ஒட்டாமல் தனித்திருக்கிறான், எவன் வம்பில் மாட்டுகிறான், அவனை யார் நண்பனாக்கிக்கொள்வது என்பது. சாவியோவுக்கு அப்போது 14 வயது. அடுத்த ஆண்டு மார்ச் மாதம், 15 வயது நிறையும் முன்பே இறந்துபோனான். அந்தக் குழுவைச் சேர்ந்த சிலர்தான் 1859-இல் அவர் நிறுவிய சலேசியத் துறவற சபை உருவானபோது தொன் போஸ்கோவோடு நின்றார்கள். பாரிசில் ஃபிரெடெரிக் ஓசானாம் தோழர்களோடு ஏழைகளுக்கு உதவும் வின்சென்ட் தே பவுல் சபையைத் தொடங்கிய 1833-இல் அவருக்கு வயது 20, அவரும் மாணவர்தான்.

இன்றைக்கு இதைச் செய்யும்போது ஒரு காவல் வேண்டும். துணையிருக்கும் மாணவனுக்குப் பயிற்சி தரவேண்டும், இரண்டு வாரத்துக்கு ஒரு முறையாவது ஓர் ஆசிரியர் அவனோடு உட்கார்ந்து பேசவேண்டும். பதினாறு வயதுப் பையன் தலையில் இன்னொருவன் குடும்பப் பிரச்சனையை ஏற்றிவைத்துவிட்டு, அதைத் தலைமைப் பண்பு என்று பாராட்டுவது அநியாயம். அவன் வேலை கவனிப்பது, கூட இருப்பது, பெரியவரிடம் கொண்டுசேர்ப்பது. அவ்வளவுதான்.

பையன் சொன்னது ரகசியமாக இருக்குமா? ஃபாதரிடம் சொன்னால் பள்ளி முதல்வருக்குப் போய்விடாதா?

பையன்கள் வாய்விட்டுக் கேட்காத, ஆனால் மனதில் வைத்திருக்கிற கேள்வி இது. மூன்று விஷயங்களைப் பிரித்துப் புரியவைக்கவேண்டும்.

ஒப்புரவு அருளடையாளத்தில், அதாவது குருவிடம் பாவங்களை அறிக்கையிடும் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னது எந்தக் காரணத்துக்காகவும் வெளியே போகாது. திருச்சபைச் சட்டம் 983 அந்த ரகசிய முத்திரை மீற முடியாதது என்கிறது. அடுத்த விதி, அங்கே அறிந்ததை நிர்வாகம் நடத்தப் பயன்படுத்தவும் கூடாது என்கிறது. 985-ஆம் விதி இன்னும் ஒரு படி போகிறது: கல்வி நிறுவனத்தின் அதிபர், அதே இல்லத்தில் தங்கிப் படிக்கும் மாணவர்களின் பாவசங்கீர்த்தனத்தை, அவர்களாகவே விரும்பிக் கேட்டாலொழிய, கேட்கக் கூடாது. தண்டிக்கும் அதிகாரமும் மனசாட்சியைத் திறக்கும் இடமும் ஒரே ஆளிடம் இருக்கக் கூடாது என்ற முன்யோசனை அதில் இருக்கிறது.

ஆற்றுப்படுத்துநரிடம் பேசுவது வேறு வகை. அதுவும் ரகசியம்தான், ஆனால் எல்லை உண்டு. பையன் தன்னைத் தானே காயப்படுத்திக்கொள்ளும் நிலையில் இருந்தால், இன்னொருவருக்கு ஆபத்து இருந்தால், அவனை யாராவது துன்புறுத்துவது தெரிந்தால், உரியவர்களிடம் சொல்லியே ஆகவேண்டும். இதை முதல் சந்திப்பிலேயே, அவன் எதையும் சொல்லத் தொடங்கும் முன்பே விளக்கிவிடவேண்டும். பாதியில் சொன்னால் ஏமாற்றப்பட்டதாக நினைப்பான்.

மூன்றாவது, மாணவர் தலைவன். அவன் "யாரிடமும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யவே கூடாது. "உனக்கு ஆபத்து என்றால் சாரிடம் சொல்லுவேன், மற்றதெல்லாம் என்னோடு இருக்கும்" என்று சொல்லப் பழக்கவேண்டும்.

ஆலோசனை அறை எங்கே இருக்கிறது என்பதும் முக்கியம். முதல்வர் அறை வாசலைத் தாண்டித்தான் போகவேண்டும் என்றால் பாதிப் பேர் வரமாட்டார்கள்.

"செத்துப்போகலாம் போல இருக்கு" என்று நண்பன் சொன்னால் என்ன செய்வது?

விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதே. "தற்கொலை பற்றி யோசிக்கிறாயா?" என்று நேராகக் கேள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்கப்பட்டவனுக்குப் பெரும்பாலும் பாரம் இறங்குகிறது. அவனைத் தனியே விடாதே. அவன் கோபித்துக்கொண்டாலும் சரி, அப்போதே நம்பிக்கையான ஒரு பெரியவரிடம் சொல். நள்ளிரவில் கைபேசியில் செய்தி வந்தால் உன் பெற்றோரை எழுப்பு. நட்பு முறியுமோ என்று அந்த நேரத்தில் யோசிக்கவேண்டாம்.

ஆசிரியர்களுக்கும் அருட்தந்தையருக்கும் ஒன்று. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் 15 முதல் 29 வயதுக்குள் இறப்பவர்களிடையே தற்கொலை முன்னணிக் காரணங்களில் ஒன்று. இந்த நிலையில் இருக்கும் பையனிடம் "அது பெரும் பாவம்" என்று ஆரம்பித்தால் அவன் அதோடு பேச்சை நிறுத்திவிடுவான். கடுமையான மன உளைச்சலும் அச்சமும் அத்தகையவரின் பொறுப்பைக் குறைக்கக்கூடும் என்றும், உயிரை மாய்த்துக்கொண்டவர்களின் மீட்பைப் பற்றி நம்பிக்கை இழக்கக் கூடாது என்றும் திருச்சபையின் மறைக்கல்வி நூலே சொல்கிறது (எண்கள் 2282, 2283). முதலில் கேளுங்கள், பக்கத்தில் இருங்கள், பெற்றோரை அழையுங்கள், மருத்துவ உதவிக்கு ஏற்பாடு செய்யுங்கள். செபமும் வேண்டும்தான், ஆனால் மருத்துவரின் இடத்தில் அதை வைக்காதீர்கள்.

"சும்மா கேலிதானே சார்" என்கிறார்களே?

கேலிக்கு ஆளானவனும் சிரித்து, அடுத்த முறை அவனும் திருப்பிக் கேலி செய்ய முடிந்தால் அது கேலி. ஒரே பையன், ஒரே பட்டப்பெயர், தினமும், அவனால் திருப்பிக் கொடுக்க முடியாது என்றால் அது கொடுமை. நிறம், சாதி, குடும்ப வசதி, பெண்மை கலந்த நடை, திக்குவாய் ஆகியவற்றைப் பிடித்துக்கொண்டு நடக்கும் எதையும் "பசங்க அப்படித்தான்" என்று விடக் கூடாது. கொடுமை செய்கிறவனைவிடச் சுற்றி நின்று சிரிக்கிறவர்கள்தான் அதை நீடிக்க வைக்கிறார்கள். அதனால் பயிற்சியைச் சுற்றி நிற்பவர்களுக்குக் கொடுங்கள். "வா, போகலாம்" என்று பாதிக்கப்பட்டவனின் தோளைப் பிடித்து நகர்த்திக் கொண்டுபோக ஒருவன் இருந்தால் பல சம்பவங்கள் அங்கேயே அடங்கிவிடும்.

மாணவர் மன்றம் பெயரளவில்தான் இருக்கிறது. அதனால் என்ன பயன்?

புனித பெனடிக்ட் ஆறாம் நூற்றாண்டில் எழுதிய துறவற ஒழுங்கின் மூன்றாம் அதிகாரத்தில், முக்கியமான காரியம் வரும்போது மடாதிபதி எல்லாரையும் கூட்டிக் கேட்கவேண்டும் என்கிறார். அதற்கு அவர் சொல்லும் காரணம், எது நல்லது என்பதை ஆண்டவர் பல சமயம் இளையவருக்கே காட்டுகிறார் என்பது. முடிவெடுப்பது மடாதிபதிதான், ஆனால் கேட்காமல் எடுக்கக் கூடாது.

மன்றம் உயிரோடு இருக்க ஒரு வழி: ஒவ்வொரு கூட்டத்திலும் சென்ற முறை கேட்டவற்றுக்கு முதல்வர் பதில் சொல்லவேண்டும். "முடியாது, காரணம் இது" என்பதும் பதில்தான். கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை என்று மாணவர்கள் சொல்லி, அடுத்த வாரம் தாழ்ப்பாள் வந்துவிட்டால், அப்புறம் அவர்கள் பெரிய விஷயங்களையும் தைரியமாகச் சொல்வார்கள்.

கத்தோலிக்கர் அல்லாத மாணவர்கள் இதிலெல்லாம் பங்கெடுக்கலாமா?

பங்கெடுக்கவேண்டும். கத்தோலிக்கப் பள்ளியின் சமயப் பரிமாணம் பற்றி 1988-இல் வத்திக்கான் வெளியிட்ட ஆவணம், மாணவர்களின், குடும்பத்தாரின் சமய உரிமையும் மனசாட்சியும் மதிக்கப்படவேண்டும் என்று சொல்கிறது. திருப்பலியில் வாசகம் வாசிப்பது போன்ற பொறுப்புகள் கத்தோலிக்கருக்கு. பள்ளித் தலைவன் பதவிக்கும் சேவைக் குழுவுக்கும் மதம் தடையாக இருக்கக் கூடாது. ஞானஒடுக்கத்துக்கு (செபத்துக்கும் தியானத்துக்கும் ஒதுக்கும் நாளுக்கு) மற்றவர்கள் விரும்பினால் வரலாம். வராதவர்களை அன்றைக்குக் காலி வகுப்பில் சும்மா உட்கார வைக்காமல் அவர்களுக்கும் ஒரு நல்ல நாளை ஏற்பாடு செய்யவேண்டும்.

சேவைத் திட்டங்கள் வெறும் போட்டோவுக்காக நடக்கின்றனவே?

சில இடங்களில் அப்படி ஆகிவிடுகிறது. கேமராவை வெளியே வைத்துவிட்டுப் போவது நல்ல தொடக்கம். இயேசு சபையின் தலைவராக இருந்த பேத்ரோ அருப்பே 1973-இல் வலென்சியாவில் முன்னாள் மாணவர்களிடம் பேசும்போது, பிறருக்காக வாழும் மனிதரை உருவாக்குவதே கல்வியின் இலக்கு என்றார். நீதியைப் பற்றிய அந்தப் பேச்சு கேட்டவர்களில் பலருக்குக் கசந்தது.

கார்தைன் அடிகளார் பெல்ஜியத்தின் இளம் தொழிலாளர்களுக்குக் கற்றுத்தந்த "பார், தீர்ப்பிடு, செயல்படு" என்ற முறை பள்ளிக்கு நன்றாகப் பொருந்தும். முதியோர் இல்லத்துக்குப் போய் வந்தபின் "இவர்களை ஏன் யாரும் பார்க்க வருவதில்லை?" என்று ஒரு மணி நேரம் பேசுங்கள். பிறகு அடுத்த மாதமும் அதே முதியவரைப் பார்க்கப் போகட்டும். பத்து இடங்களுக்கு ஒரு முறை போவதைவிட ஓர் இடத்துக்குப் பத்து முறை போவதில்தான் பையன்கள் மாறுகிறார்கள்.

இதற்கெல்லாம் நேரம் கொடுத்தால் படிப்பு கெடாதா?

படிப்பை அதிகம் கெடுப்பது தூக்கமின்மை. 13 முதல் 18 வயதுவரை நாளுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது மருத்துவப் பரிந்துரை. கூடவே ஒரு மணி நேரமாவது உடலுழைப்பு. பொறுப்பில் இருப்பவன் தேர்வு நேரத்தில் விலகி நிற்க அனுமதி இருக்கவேண்டும், அது மட்டும் முக்கியம்.

பெரியவர் ஒருவரே எல்லை மீறினால் பையன் யாரிடம் போவது?

இந்தக் கேள்வியைத் தவிர்க்கும் பள்ளியை நம்பாதீர்கள். திருச்சபை நிறுவனங்களில் சிறுவர்கள் துன்புறுத்தப்பட்டதும், அது மறைக்கப்பட்டதும் நடந்த உண்மை. 2019-இல் போப் பிரான்சிஸ் கொண்டுவந்த சட்டம் (2023-இல் திருத்தி நிலைப்படுத்தப்பட்டது) குருக்களும் துறவியரும் அத்தகைய செயலை அறிந்தால் திருச்சபை அதிகாரிகளிடம் புகார் செய்யவேண்டும் என்று கட்டாயமாக்கியது. நாட்டுச் சட்டப்படி செய்யவேண்டிய புகாரை அது எந்த விதத்திலும் தடுக்காது. பள்ளிக்குள்ளே விசாரித்து முடித்துக்கொள்கிற விஷயம் இல்லை இது. காவல்துறைக்கோ குழந்தைகள் பாதுகாப்பு அமைப்புக்கோ போகவேண்டியது.

பள்ளிக்கு வெளியே உள்ள ஒருவரின் தொலைபேசி எண் ஒவ்வொரு மாடியிலும் ஒட்டியிருக்கவேண்டும். யாராவது பெரியவர் மாணவனைத் தனியே சந்தித்தால் கண்ணாடி பதித்த கதவுள்ள அறையில் சந்திக்கவேண்டும். ஆண் பிள்ளைகளுக்கும் இது நடக்கும் என்று வெளிப்படையாகச் சொல்லவேண்டும், ஏனென்றால் "நீ ஆம்பளைதானே, தடுக்க வேண்டியதுதானே" என்ற பயமே பலரை ஆண்டுக்கணக்கில் பேசவிடாமல் வைத்திருக்கிறது. பையன் சொன்னால் முதலில் நம்புங்கள். அவன் செய்த தவறு எதுவும் இல்லை என்று அவனிடம் சொல்லுங்கள்.

என் மகனுக்குப் பொறுப்பு எதுவும் கிடைக்கவில்லை, வருத்தமாக இருக்கிறான். என்ன சொல்வது?

ஒரு நாள் வருத்தப்பட விடுங்கள். "இதெல்லாம் ஒரு விஷயமா" என்று தள்ளிவிடாதீர்கள். அப்புறம், தேர்வு எப்படி நடந்தது என்று வகுப்பாசிரியரிடம் அவனையே போய்க் கேட்கச் சொல்லுங்கள், நீங்கள் போகவேண்டாம். அடுத்த பருவத்துச் சிறு பொறுப்புகள் எவை என்றும் அவனே கேட்டு வரட்டும். புது மாணவர் வரவேற்புக்கு எப்போதும் ஆள் போதாமல்தான் இருக்கும்.